மு.வ.வும் 1958ஆம் ஆண்டும்

1958ஆம் ஆண்டு உலக இலக்கியத்தில் ஆரவாரம் மிகுந்த ஆண்டு. அவ்வாண்டு அக்டோபர் 23ஆம் நாள் உருசியக் கவிஞர் போரிஸ் பாஸ்டர்நாக்குக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அவருடைய 'டாக்டர் ஷிவாகோ' என்னும் நாவல் சொந்த நாட்டில் அச்சேற வழியின்றி, முந்திய ஆண்டில் இத்தாலி மொழிபெயர்ப்பாக வெளிவந்திருந்தது. பரிசுச் செய்தி கேட்டதும் எழுத்தாளர் சங்கம் அவரை விலக்கியது, நாளிதழ்கள் தூற்றின. அக்டோபர் 29ஆம் நாள் பரிசு வேண்டா என்று தந்தி கொடுத்துவிட்டார் அவர். 1960 மே மாதத்தில் மறைந்தார். அந்த நாவல் உருசிய நாட்டிலேயே அச்சாகி மக்கள் கைக்கு வர 1988 வரை ஆயிற்று.

அதே ஆண்டில் இலண்டனில், சினுவா அச்சிபி என்னும் நைசீரிய இளைஞரின் முதல் நாவல் வெளிவந்தது. பின்னாளில் 'சிதைவுகள்' என்ற பெயரில் தமிழுக்கும் வந்தது அது. அப்போது அவருக்கு வயது 27. கையால் எழுதிய ஒரே படியை இலண்டனில் தட்டச்சு செய்து தரும் நிலையம் ஒன்றுக்கு அவர் அனுப்பிவைக்க, அவர்கள் அதை மாதக்கணக்கில் மூலையில் போட்டு வைத்திருந்தார்கள். அது தொலைந்திருந்தால் ஆப்பிரிக்க இலக்கியத்தின் வரலாறே வேறு. முதலில் அச்சிட்டவை 2,000 படிகளே.

நவம்பரில் இத்தாலியில் 'சிறுத்தை' என்னும் பொருள் தரும் பெயருடன் ஒரு நாவல் வெளியாயிற்று. எழுதிய லாம்பெதூசா சிசிலித் தீவின் பழைய பிரபு குடும்பத்தவர். பதிப்பகத்தார் மறுத்துவிட்ட வருத்தத்தோடு முந்திய ஆண்டே கண்மூடியவர். பாஸ்டர்நாக்கின் நாவலை முதலில் வெளியிட்ட அதே மிலான் நகரப் பதிப்பகமே இதையும் வெளியிட்டது என்பது ஒரு வியப்பு. நம் நாட்டில் ஆர்.கே. நாராயணின் 'தி கைடு' வெளிவந்ததும் இதே ஆண்டில்தான்.

இவ்வளவு ஆரவாரத்துக்கு நடுவே, சென்னையில் 46 வயதான தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் 'அகல் விளக்கு' என்னும் நாவலை வெளியிட்டார். நோபல் குழுவினர் அதைக் கண்டிருக்கமாட்டார்கள். அதற்காக எந்த நாட்டிலும் எவரையும் எந்தச் சங்கத்திலிருந்தும் விலக்கவில்லை. வாலாசாப்பேட்டையில் அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்த இரண்டு பையன்களின் கதை அது. இந்த வரிசையில் அதைச் சேர்ப்பது தகுமா என்று நம் விரிவுரையாளர்களுள்ளே சிலர் முகம் சுளிக்கக்கூடும். தகும் என்றே நான் கருதுகிறேன். ஏன் என்று சொல்ல அந்தப் பேராசிரியரின் வாழ்க்கையிலிருந்து தொடங்க வேண்டும்.

டாக்டர் மு. வரதராசனார் நம் மலைக்கு அயலவர் அல்லர். திருப்பத்தூரில் நின்று வடகிழக்கே பார்த்தால் ஏலகிரி. கிழக்கே பார்த்தால் சவ்வாது மலை. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மலைநாடுகளிலிருந்து புளியும் சாமையும் தேனும் இறங்கி வரும் ஊர் அது. அந்த ஊரில் 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் முனுசாமி முதலியாருக்கும் அம்மாக்கண்ணு அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். இட்ட பெயர் திருவேங்கடம். பாட்டனார் பெயரான வரதராசன் என்பதே வழக்கில் நிலைத்துவிட்டது. இளமையில் வேலம் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்குத் திருப்பத்தூர் வந்தார். பதினாறாம் வயதில் பள்ளி இறுதித் தேர்வில் தேறினார்.

அதற்கு மேல் கல்லூரி இல்லை. இதை நாம் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். பின்னாளில் கல்லூரியில் பல்லாயிரம் மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர், பல்கலைக்கழகம் ஒன்றுக்கே துணைவேந்தராக அமர்ந்தவர், ஒரு நாளேனும் கல்லூரி மாணவராக வகுப்பில் உட்கார்ந்தவர் அல்லர். பள்ளி முடிந்ததும் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலைதான் கிடைத்தது. கோப்புகளும் நகல்களுமாகச் சென்ற அந்த வேலையில் நெடுநாள் நிற்க உடல் இடந்தரவில்லை. நோயுற்று வேலையை விட்டுக் கிராமத்துக்கே திரும்பினார்.

பதினெட்டு வயதுகூட நிரம்பாத இளைஞன், கையில் இருந்த அரசு வேலையை இழந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் ஊரார் என்ன பேசுவார்கள் என்பதை நம் கிராமங்களைச் சேர்ந்த யாரும் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஓய்வுக் காலமே மு.வ.வைத் தமிழுக்குத் தந்தது. முருகைய முதலியார் என்னும் தமிழறிஞரை அண்டி இலக்கிய இலக்கணம் பயின்றார். 1931இல் வித்துவான் தேர்வின் முதல்நிலையில் தேறினார். 1935இல் இறுதித் தேர்வில் மாநிலத்திலேயே முதல்வராக வந்தார். அதற்காகத் திருப்பனந்தாள் மடம் 1,000 ரூபாய் பரிசு அளித்தது. அந்நாளில் ஆயிரம் ரூபாய் என்பது ஒரு பள்ளி ஆசிரியருக்குப் பல மாதச் சம்பளம்.

அதே ஆண்டு மாமன் மகள் இராதா அம்மையாரை மணந்தார். திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் ஆனார். பகலில் பள்ளி, மற்ற நேரத்தில் படிப்பு. பள்ளியில் பணியாற்றிக்கொண்டே தாமாகப் படித்து 1939இல் பி.ஓ.எல். பட்டம் பெற்றார். அந்த ஆண்டே சென்னைப் பச்சையப்பன் கல்லூரி அவரை விரிவுரையாளராக ஏற்றுக்கொண்டது. கல்லூரியின் வாயிலை அவர் முதன்முதலாக மிதித்தது ஆசிரியராகத்தான்!

அங்கிருந்து அவர் ஏறிய படிகளை வேகமாகச் சொல்லிவிடலாம். தமிழ் வினைச்சொற்களின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி ஆராய்ந்து 1944இல் எம்.ஓ.எல். பட்டம். 1945இல் தமிழ்த் துறைத் தலைவர் பதவி. சங்க இலக்கியத்தில் இயற்கை பெறும் இடம் பற்றி ஆராய்ந்து 1948இல் டாக்டர் பட்டம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் டாக்டர் பட்டம் பெற்றவர்களுள் முதல்வர் அவரே.

இந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். சங்கப் பாடல்களில் இயற்கை தனியாக வருவதில்லை. மலையும் காடும் கடலும் மனிதரின் காதலுக்கும் பிரிவுக்கும் ஏக்கத்துக்கும் பின்னணியாக வருகின்றன. மேலை நாட்டுக் கவிஞர்கள் சிலரைப் போல இயற்கையை இயற்கைக்காகவே பாடும் வழக்கம் நம் பழம்புலவர்க்கு இல்லை. ஆயினும் அவர்கள் கண்ட இயற்கை பொய்யான இயற்கை அன்று. பூவின் இதழும் பறவையின் நடையும்கூட உற்று நோக்கி எழுதப்பட்டவை. இதை மு.வ. நூல் முழுதும் சான்று காட்டி நிறுவினார். ஆங்கிலத்தில் எழுதிய அந்த ஆய்வு 1957இல் நூலாயிற்று. பின்னர் 'பழந்தமிழ் இலக்கியத்தில் இயற்கை' என்று தமிழிலும் வந்தது.

சவ்வாது மலையின் ஒரு பக்கம் திருப்பத்தூர் என்றால் மறுபக்கம் செங்கம். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் அந்தச் செங்கத்து நன்னனைப் பாடியது. 583 அடிகளில் மலையின் ஓசைகளையே தொகுத்துத் தருகிறது அது. அருவியின் ஓசை, தேன் எடுப்போரின் ஆரவாரம், யானையின் முழக்கம் என்று புலவர் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். அதில் வரும் சேயாறு நம் மலையில்தான் பிறக்கிறது. சங்க இலக்கியத்தின் இயற்கையை முதன்முதல் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுப் பொருளாகக் கொண்டுசென்றவர், அதே மலைத்தொடரின் இந்தப் பக்கத்து ஊரில் பிறந்து பள்ளியில் பயின்று பள்ளியில் கற்பித்தவர் என்பதை எண்ணும்போது மலையிலிருந்து வரும் நமக்குச் சற்றுப் பெருமிதம் வருவது இயல்பே. சங்க இலக்கியத்தைத் தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்யும் நண்பர்கள் அந்த நூலை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

ஆராய்ச்சி அறிஞர்க்கு. மு.வ.வோ அறிஞரோடு நின்றுவிடவில்லை. 1949இல் அவர் எழுதிய திருக்குறள் தெளிவுரையைச் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் வெளியிட்டது. சட்டைப் பையில் அடங்கும் அளவு, எளிய விலை, ஒவ்வொரு குறளுக்கும் இரண்டு மூன்று வரியில் பொருள். பரிமேலழகர் உரையைப் படித்துப் புரிந்துகொள்ளத் தமிழ்ப் புலமை வேண்டும். தெளிவுரைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். நூறு பதிப்புகளுக்கு மேல் கண்ட நூல் அது. திருமண வீட்டிலும் பள்ளிப் பரிசளிப்பு விழாவிலும் தமிழ்நாட்டில் அதிகமாகக் கைமாறிய புத்தகம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

மொழியியலும் அப்படியே. 'மொழி நூல்', 'மொழி வரலாறு' முதலியன வகுப்புக்கு. 'மொழியின் கதை', 'எழுத்தின் கதை', 'சொல்லின் கதை' ஆகியன வகுப்புக்கு வெளியே நிற்பவனுக்கு. அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என்று கடித வடிவில் நான்கு நூல்கள். காந்தியடிகள், தாகூர், பெர்னாட்ஷா, திரு.வி.க. ஆகிய நால்வரைப் பற்றி வாழ்க்கை வரலாறுகள். இவர்களுள் திரு.வி.க.வின் நடையும் நோக்கும் மு.வ.வை ஆழமாகத் தொட்டவை. தாகூரையும் ஷாவையும் அவர் தேர்ந்தெடுத்ததைக் கவனிக்க வேண்டும். நோபல் பரிசு பெற்ற அந்த இருவரையும் ஆங்கிலம் தெரியாத தமிழ் மாணவனிடம் அழைத்துவந்து உட்காரவைத்தார். அந்த நூல்களின் வழியாகவே உலக இலக்கியம் என்று ஒன்று உண்டு என்பதை அறிந்தவர்கள் எத்தனையோ பேர்.

இனி நாவல்கள். 1940களின் நடுவில் 'செந்தாமரை' வந்தது. தொடர்ந்து 'கள்ளோ காவியமோ', 'பாவை', 'மலர்விழி', 'பெற்ற மனம்', 'அல்லி', 'கரித்துண்டு', 'கயமை', 'நெஞ்சில் ஒரு முள்' என வந்துகொண்டே இருந்தன. மொத்தம் பதின்மூன்று. இவற்றுள் 'பெற்ற மனம்' 1960இல் சிவாசி கணேசன் நடித்த திரைப்படமும் ஆயிற்று. வார இதழ்களில் தொடர்கதையாக எழுதிப் பெயர் பெறுவதே அக்கால நாவலாசிரியர்களின் வழி. கல்கி அப்படித்தான் எழுதினார், அகிலனும் நா. பார்த்தசாரதியும் அப்படியே. மு.வ.வின் வழி வேறு. நாவலை நேரே நூலாக எழுதித் 'தாயக வெளியீடு' என்ற பெயரில் தாமே அச்சிட்டார். பாரி நிலையம் விற்றுக்கொடுத்தது. அடுத்த வாரம் என்ன ஆகும் என்று வாசகனைத் தவிக்கவிடும் தேவை அவருக்கு இருக்கவில்லை. அவருடைய நாவல்களில் திடுக்கிடும் திருப்பங்கள் குறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பதிப்பகம் கிடைக்காமல் ஒருவர் இறந்தார். சொந்த நாட்டில் அச்சிட முடியாமல் ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பினார். கையெழுத்துப் படியைத் தொலைக்கப் பார்த்தார் ஒருவர். 1958இன் மற்ற நாவல்களுக்கு நேர்ந்த இந்தத் துன்பம் எதுவும் 'அகல் விளக்கு'க்கு நேரவில்லை. ஆனால் அதற்கு வேறொரு துன்பம் பின்னால் காத்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கதை இதுதான். வேலய்யன் சொல்கிறான். அவன் நடுத்தர அறிவுள்ள பையன். அழகும் இல்லை, ஆற்றலும் இல்லை. வாலாசாவில் அவன் வீட்டுக்கு அருகே, கிராமத்திலிருந்து படிக்க வந்த சந்திரன் குடியேறுகிறான். சந்திரன் அழகன், கூர்மையான அறிவினன். ஆசிரியர்கள் அவனைப் போற்றுகிறார்கள், தெருவார் கொஞ்சுகிறார்கள். வேலய்யனுக்கு அவன்மேல் அன்பும் உண்டு, கொஞ்சம் பொறாமையும் உண்டு. இருவரும் சென்னைக் கல்லூரிக்குச் செல்கிறார்கள். அங்கே சந்திரன் ஒரு பெண்மேல் மனத்தை வைக்கிறான். அவளோ அவனை நண்பனாக மட்டுமே எண்ணியிருந்தாள். அந்த ஏமாற்றத்தைத் தாங்க முடியாமல் தேர்வு எழுதாமலே எங்கோ மறைந்துவிடுகிறான். தேடிக் கண்டுபிடித்து ஊருக்கு அழைத்துவந்தாலும் பழைய சந்திரன் திரும்பவில்லை. அவன் வாழ்வும் கெடுகிறது. அவனை நம்பி வந்தவர்கள் வாழ்வும் கெடுகிறது. நோயில் மாய்கிறான். வேலய்யனோ தட்டுத் தடுமாறிப் படித்து, ஒரு வேலையில் அமர்ந்து, குடும்பமாகிறான். நண்பனின் அழிவை அருகிலிருந்து பார்த்து எழுதுகிறான்.

இவ்வளவுதானா என்று கேட்கலாம். நம் கல்லூரியின் முதலாண்டு வகுப்பை நினைத்துப் பாருங்கள். மலையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிறோம். ஊரில் பள்ளியிலே முதல் மாணவன் என்று பெயர் எடுத்தவன் இங்கே வருகிறான். ஊரார் அவனிடம் நிறைய எதிர்பார்க்கிறார்கள். அவனும் தன்னிடம் நிறைய எதிர்பார்க்கிறான். நகரம் அவனை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. ஒரு தாளில் தோல்வி, அல்லது ஒரு பெண்ணின் மறுப்பு, அல்லது ஒருவர் சொன்ன கேலிச் சொல். அவ்வளவுதான், விடுமுறைக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வருவதில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயர்மேல் ஒரு சிவப்புக் கோடு விழுகிறது. அவனைப் பற்றி யாரும் நாவல் எழுதுவதில்லை. மு.வ. எழுதினார்.

அச்சிபியின் நாவலில் வெளியிலிருந்து வந்த ஆட்சியும் மதமும் ஒரு கிராமத்தை உடைக்கின்றன. அதன் வீரன் ஒகோங்வோ வளையத் தெரியாமல் முறிகிறான். பாஸ்டர்நாக்கின் மருத்துவர் புரட்சியின் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுகிறார். லாம்பெதூசாவின் பிரபு தம் காலம் முடிவதைக் கண்முன்னே காண்கிறார். சந்திரனுக்கு அப்படிப் பெரிய பகை எதுவும் இல்லை. கல்வி என்னும் நன்மையே அவனைப் பழைய மண்ணிலிருந்து பெயர்த்தெடுத்துப் புதிய மண்ணில் ஊன்றாமல் விட்டுவிடுகிறது. விடுதலை பெற்ற பத்து ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஊர்தோறும் பள்ளிகள் பெருகிக்கொண்டிருந்தன. மாவட்டந்தோறும் கல்லூரிகள் வரத் தொடங்கின. அந்தக் கல்லூரிகளுக்குள் நுழையப்போகும் தலைமுறைக்கு என்ன நேரக்கூடும் என்பதைப் பச்சையப்பன் கல்லூரியில் இருபது ஆண்டுகளாக மாணவர் முகங்களைப் பார்த்துவந்த ஆசிரியர் கண்டுகொண்டார். வரலாறு நாவலுக்குள் வரும் வழிகளில் இதுவும் ஒன்று என்பதாலேயே அதை 1958இன் வரிசையில் சேர்க்கிறேன்.

இனிக் காத்திருந்த துன்பம். புதுமைப்பித்தன் வழியைப் போற்றிய திறனாய்வாளர் பலர் மு.வ.வை நாவலாசிரியராகவே ஒப்புக்கொள்ளவில்லை. சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழ் 1959 சனவரியில் தொடங்கியது; அதன் பின் சோதனை, உத்தி, வடிவம் என்ற பேச்சு வலுத்தது. மு.வ.வின் பாத்திரங்கள் எல்லாரும் பேராசிரியர் போலவே பேசுகிறார்கள். கதைக்குள் அறிவுரை புகுந்து கதையை நிறுத்திவிடுகிறது. நல்லவர் நன்றாக வாழ்ந்து தீயவர் கெடுகிறார்கள் என்பன அவர்கள் கூறிய குறைகள்.

இவற்றில் உண்மை இல்லை என்று சொல்ல முடியாது. 'அகல் விளக்கி'லேயே நண்பர்கள் ஊருக்கு நடந்துபோகும்போது பேசும் பேச்சு ஒரு கட்டுரையைப் போலவே நீளும் இடங்கள் உண்டு. வட ஆர்க்காட்டுப் பையன்கள் வட ஆர்க்காட்டுத் தமிழில் பேசாமல் அச்சுத் தமிழில் பேசுகிறார்கள். பெண்கள் பொறுமையின் வடிவங்களாக இருப்பதை இன்றைய மாணவியர் அப்படியே ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் வேண்டா. ஆனால் 1953இல் வந்த 'கரித்துண்டு' நாவலை எழுதியவரும் இவரே என்பதை மறக்கக்கூடாது. சாலையோரத்தில் கரித்துண்டால் படம் வரைந்து பிழைக்கும் நிலைக்கு வந்துவிட்ட ஓவியன் மோகன் அதன் நாயகன். மணவாழ்க்கை முறிந்தவர்கள் வேறு துணையோடு வாழ்வதைப் பழிக்காமல், அவர்களுடைய நியாயத்தைக் கேட்டு எழுதினார் மு.வ. அறிவுரையாசிரியர் என்று ஒரு சொல்லில் அவரைத் தள்ளிவிடுபவர்கள் பெரும்பாலும் இந்த நாவலைப் படிக்காதவர்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். சந்திரன் கெட்டவன் என்பதால் அழியவில்லை. நல்லவன், அன்பன், திறமையுள்ளவன். படிப்பவர் எவரும் அவனை வெறுக்க முடியாது. வேலய்யனின் வெற்றி படிப்பவர் நெஞ்சில் நிற்பதில்லை, சந்திரன் நிற்கிறான். நீதி சொல்லப் புறப்பட்ட ஆசிரியரின் கை, தன்னை அறியாமலே அழிந்தவன் பக்கம் சாய்ந்துவிட்டது. அங்கேதான் அவர் வெறும் ஆசிரியராக இல்லாமல் கலைஞராக இருக்கிறார்.

சாகித்திய அகாதெமி 1955இல் தமிழுக்கு முதல் பரிசை ரா.பி. சேதுப்பிள்ளையின் கட்டுரை நூலுக்கு அளித்தது. 1956இல் 'அலை ஓசை'க்குப் பரிசு. ஆனால் கல்கி 1954இலேயே மறைந்திருந்தார். 1958இல் இராசாசியின் 'சக்கரவர்த்தித் திருமகன்'. அடுத்த இரண்டு ஆண்டுகளும் தமிழுக்குப் பரிசு இல்லை. 1961இல் 'அகல் விளக்கு'க்குக் கிடைத்தது. அகாதெமிப் பரிசைத் தம் கையால் பெற்ற முதல் தமிழ் நாவலாசிரியர் ஆனார் மு.வ. அந்த ஆண்டே பச்சையப்பன் கல்லூரியை விட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைத் தலைவராகச் சென்றார். 'மண்குடிசை', 'வாடா மலர்' ஆகிய நாவல்கள் அதற்குள் வந்துவிட்டன. பல்கலைக்கழகப் பொறுப்பு ஏற்றபின் நாவலில் அவர் கை ஓய்ந்தது. நிருவாகம் ஓர் எழுத்தாளரைத் தின்றுவிட்டது என்று வருந்துவதா, ஆய்வு மாணவர்கள் பயன்பெற்றார்கள் என்று மகிழ்வதா? அவரிடம் பயின்ற சி. பாலசுப்பிரமணியம், ம.ரா.போ. குருசாமி போன்றோர் பின்னாளில் தமிழுலகில் பெற்ற இடத்தைப் பார்க்கும்போது இரண்டாவதற்கே மனம் சாய்கிறது.

1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். தெ.பொ. மீனாட்சிசுந்தரனாருக்குப் பின் அந்த இருக்கையில் அமர்ந்தவர் அவர். தாலுகா அலுவலகத்துக் குமாஸ்தா துணைவேந்தர் ஆன கதையைப் பலரும் மேடையில் சொல்வதுண்டு. அதைவிட என் கவனத்தை ஈர்ப்பது வேறு. அவர் பொறுப்பேற்ற 1971ஆம் ஆண்டில்தான் அப்பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கிற்று. வேலைக்குப் போய்க்கொண்டே, கல்லூரியின் படி ஏறாமல், வீட்டிலிருந்து படித்துப் பட்டம் பெறும் வழி அது. ஆசிரியர்கள், எழுத்தர்கள், கடைச் சிப்பந்திகள், மணமாகிப் படிப்பை விட்ட பெண்கள் எனப் பல்லாயிரவர் அதன் வழியாகப் பட்டதாரிகள் ஆனார்கள். தம் இளமையில் யாருடைய துணையுமின்றி அதே வழியை நடந்து முடித்தவர் அப்போது அங்கே துணைவேந்தராக இருந்தார்.

1972இல் சாகித்திய அகாதெமிக்காக அவர் எழுதிய 'தமிழ் இலக்கிய வரலாறு' வெளிவந்தது. நம் வகுப்பில் இன்றும் பலர் மேசைமேல் இருக்கும் நூல். அதில் புதுமைப்பித்தனுக்கும் மற்றச் சிறுகதையாசிரியர்களுக்கும் உரிய இடம் கொடுத்திருக்கிறார். அந்த ஆண்டே அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்து வூஸ்டர் கல்லூரி அவருக்கு இலக்கிய டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. கல்லூரியில் படிக்காதவருக்குக் கடல் கடந்த கல்லூரி ஒன்று பட்டம் தந்தது!

இளமையில் வாட்டிய உடல்நலக் குறைவு இயற்கை மருத்துவத்தில் அவருக்கு நம்பிக்கையை ஊட்டியிருந்தது. உணவிலும் பழக்கத்திலும் கட்டுப்பாடாக வாழ்ந்தவர். ஆயினும் வேலைச் சுமைக்குக் கட்டுப்பாடு வைக்கவில்லை. எண்பதுக்கு மேற்பட்ட நூல்களும் முப்பத்தைந்து ஆண்டுக் கல்லூரி, பல்கலைக்கழகப் பணியும் ஓர் உடலுக்குள் அடங்கின. துணைவேந்தர் பதவியில் இருக்கும்போதே, 1974ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், 62ஆம் வயதில் மறைந்தார். பாஸ்டர்நாக் அப்போது மறைந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் நாவல் உருசியாவில் இன்னும் அச்சாகவில்லை. 'அகல் விளக்கு' தமிழ்நாட்டில் ஊர் நூலகங்களில் கை மாறிக்கொண்டிருந்தது.